குறும்படம் நுழைவுச் சீட்டு அன்று

திரைக்கலை பிறந்தபோது குறும்படமாகவே பிறந்தது. 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக் காட்டிய பத்துப் படங்களுள் ஒன்றுகூட ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. மூன்று மணி நேரக் கதைப்படம் பின்னால் பிறந்த தம்பி. ஆயினும் இன்று தம்பி வீட்டை ஆள்கிறான். அண்ணனோ திண்ணையில் உட்கார்ந்து, உள்ளே அழைப்பார்களா என்று காத்திருக்கிறான்.

நம் விடுதியில் நண்பர் ஒருவர் குறும்படம் எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் நாம் கேட்பது என்ன? "படம் எதைப் பற்றி?" என்று கேட்பவர் மிகச் சிலர். "பெரிய படம் எப்போது? எந்தத் தயாரிப்பாளர் பார்த்தார்?" என்பதே பெரும்பாலோர் கேள்வி. அன்போடு கேட்கிறோம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. எடுத்த படம் படமே அன்று, இனி எடுக்கப் போகும் படத்துக்கு அது ஒரு நுழைவுச் சீட்டு என்பதே அந்தத் தீர்ப்பு. இது தவறான தீர்ப்பு என்பது என் கருத்து. ஆசிய நாடுகளின் இளம் இயக்குநர்கள் உலகப் படவிழாக்களில் காட்டியுள்ள குறும்படங்களைச் சான்றாக வைத்து அதை நிறுவ முயல்கிறேன். அதன்பின், நம் தமிழ்ச் சங்கம் செய்யத்தக்க ஒரு காரியத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ் கற்ற நமக்குச் சிறுமையின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குறுந்தொகைப் பாட்டுக்கு நான்கு முதல் எட்டு அடி என்பது வரையறை. அதைப் பாடிய புலவர் காப்பியம் பாடுவதற்குக் கை பழகிக்கொண்டிருந்தார் என்று எவரேனும் கூறுவரோ? ஏழு சீர்களில் நின்றுவிட்ட குறளை, பின்னால் வரவிருந்த நீண்ட நூலுக்கு ஒத்திகை என்பரோ? அவ்வளவு தொலைவு போவானேன்? மௌனி எழுதியவை ஏறத்தாழ 24 சிறுகதைகளே. "நாவல் எப்போது?" என்று கேட்டு அவரை இன்று யாரும் சிறுமைப்படுத்துவதில்லை.

சிறுகதைக்கு அந்த மதிப்பு தானாக வந்துவிடவில்லை. 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி', 1935-இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைப் பத்திரிகையாக மாறிற்று. புதுமைப்பித்தனும் கு. ப. ராஜகோபாலனும் மௌனியும் அங்கே எழுதினார்கள். பத்திரிகை நெடுநாள் வாழவில்லை; வாங்கியவர் தொகையும் பெரிதன்று. ஆயினும் சிறுகதையைச் சிறுகதை என்றே எண்ணிப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் ஓர் இடம் தமிழில் உண்டாகிவிட்டது. ஒரு கலை வடிவம் வளர்வதற்குக் கலைஞன் மட்டும் போதாது. அவ்வடிவத்துக்கு உரிய அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் ஓர் அவையும் வேண்டும். குறும்படத்துக்கு அத்தகைய அவையாக வாய்த்தவை படவிழாக்கள்.

ஜெர்மனியின் ஓபர்ஹவுஸன் நகரில் 1954 முதல் குறும்படங்களுக்கென்றே விழா நடக்கிறது. தென்கொரியாவின் பூசான் படவிழா 1996-இல் பிறந்தது. அங்கே 'சோன்ஜே விருது' என்ற பெயரில், கொரியக் குறும்படத்துக்கும் பிற ஆசிய நாட்டுக் குறும்படத்துக்கும் பரிசளித்து வந்திருக்கிறார்கள். டோக்கியோவில் 1999-இல் தோன்றிய குறும்பட விழா, 2004 முதல் ஆசியப் படங்களுக்கு ஒரு பிரிவையும் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டில், மும்பையில் 1990 முதல் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் ஓர் அனைத்துலக விழா உண்டு. கேரள அரசின் சலச்சித்திர அகாதெமி 2008-இல் தொடங்கித் திருவனந்தபுரத்தில் இன்னொன்றை நடத்துகிறது. கேன்ஸ் விழாவின் குறும்படப் போட்டியிலோ 15 நிமிடத்துக்கு மேல் ஒரு நொடியும் ஓடக் கூடாது. பெயர்ப் பட்டியலும் அதற்குள் அடங்க வேண்டும். வெண்பாவுக்குத் தளை போல இது ஒரு கட்டு. அந்தக் கட்டுக்குள் நின்று ஆசிய இளைஞர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில், இன்றைய இளைஞர்க்கெல்லாம் மூத்தவராகிவிட்ட ஒருவரைச் சொல்லவேண்டும். ஈரானில் 1965-இல் சிறுவர் இளைஞர் அறிவு வளர்ச்சிக்கென ஒரு நிறுவனம் ஏற்பட்டது. அதில் பணியாற்றிய அப்பாஸ் கியரோஸ்தமி 1970-இல் எடுத்த முதற்படம் 'ரொட்டியும் சந்தும்'. ஒரு சிறுவன் ரொட்டி வாங்கிக்கொண்டு சந்து வழியே வீடு திரும்புகிறான். வழியில் ஒரு நாய் குரைக்கிறது. பையன் நின்றுவிடுகிறான். பெரியவர் ஒருவர் வருகிறார். அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பார்க்கிறான். அவரோ வேறு சந்தில் திரும்பிவிடுகிறார். கடைசியில் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து நாய்க்குப் போடுகிறான். நாய் வாலாட்டிக்கொண்டு அவன் வீடு வரை வருகிறது. கதவு சாத்தப்படுகிறது. நாய் வாசலில் படுத்துக்கொள்கிறது. அப்போது இன்னொரு பையன் கையில் கிண்ணத்துடன் அதே சந்தில் வருகிறான், நாய் எழுகிறது. அவ்வளவுதான் கதை.

இதில் காமிராக்காரருக்கும் இயக்குநருக்கும் வாக்குவாதம் எழுந்தது. பையனைத் தனியாகவும் நாயைத் தனியாகவும் எடுத்து ஒட்டிவிடலாம் என்பது காமிராக்காரர் வாதம். தொழில் தெரிந்தவர் சொல்வது அதுதான். இருவரும் ஒரே காட்சியில், வெட்டே இல்லாமல் வரவேண்டும் என்று கியரோஸ்தமி பிடிவாதம் பிடித்தார். வெட்டினால் அச்சம் போய்விடும் என்பது அவர் எண்ணம். அந்த முதற்படத்திலேயே அவருடைய கலை முழுமையாக நிற்கிறது. 1997-இல் கேன்ஸில் தங்கப்பனை விருது பெற்ற கியரோஸ்தமியைத் தேடுகிறவர் 1970-ஆம் ஆண்டுச் சந்திலேயே அவரைக் காணலாம். அந்தப் பத்து நிமிடப் படம் எதற்கும் ஒத்திகை அன்று. பசித்த நாய்க்கும் பயந்த பையனுக்கும் நடுவே நடந்த ஓர் உடன்படிக்கையை அது சொல்லி முடித்துவிட்டது. அதை மூன்று மணி நேரமாக இழுத்தால் கெட்டுவிடும்.

அடுத்த சான்று நாம் படிக்கும் இதே புனே நகரில் இருக்கிறது. பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-இல் ஏற்பட்ட திரைப்படப் பயிற்சி நிறுவனத்தை நம்மில் பலர் பேருந்தில் கடந்து போகிறோம். மைசூரைச் சேர்ந்த சிதானந்த நாயக் என்ற இளைஞர், மருத்துவம் படித்தவர், அங்கே ஓராண்டுப் பயிற்சியில் சேர்ந்தார். பயிற்சியின் முடிவில், நான்கே நாட்கள் படப்பிடிப்பு நடத்தி, 16 நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். 'சூரியகாந்திகளே முதலில் அறிந்தன' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஒரு கிழவி ஊர்ச் சேவலைத் திருடிவிடுகிறாள். சேவல் கூவாததால் பொழுது விடியவில்லை. ஊரை இருள் மூடிக்கொள்கிறது. கன்னட நாட்டுப்புறத்துப் பாட்டிமார் சொல்லிவந்த கதை இது. படம் முழுவதும் இரவிலேயே நடக்கிறது, பேச்சு கன்னடம்.

2024-இல் கேன்ஸ் விழாவின் மாணவர் படப் பிரிவுக்கு 555 திரைப்படப் பள்ளிகளிலிருந்து 2,263 படங்கள் வந்தன. அவற்றுள் 18 தேர்வாயின. அந்தப் பதினெட்டில் முதற்பரிசு இந்தக் கன்னடச் சேவலுக்குக் கிடைத்தது. பரிசைச் சொல்வது பரிசுக்காக அன்று. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவரும் நம்மைப் போல அயல்மொழி நகரத்துக்குப் படிக்க வந்தவர். சுற்றிலும் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும். பலருக்கும் எளிதில் புரியவேண்டும் என்று அவர் மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. தம் பாட்டியின் மொழியிலேயே கதையைச் சொன்னார். உலகம் சப்டைட்டிலைப் படித்துக்கொண்டது. புனேக்கு வந்து இரண்டு ஆண்டு ஆவதற்குள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போதுகூட ஆங்கிலம் கலக்கும் நம்மவர் இதைச் சிந்திக்க வேண்டாமா?

வியட்நாமில் ஃபாம் தியென் அன் என்ற இளைஞர் 2019-இல் எடுத்த 14 நிமிடப் படம், 'விழித்திரு, ஆயத்தமாயிரு' என்ற பொருளுள்ள தலைப்புக் கொண்டது. தெருவோரக் கடையில் இளைஞர் மூவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து நேர்கிறது. படம் முழுவதும் ஒரே காட்சி. காமிரா ஒருமுறையும் வெட்டப்படவில்லை. சாவு நடந்த அதே தெருவில் வியாபாரமும் வேடிக்கையும் தொடர்கின்றன. அந்தத் தெருவில் நாமும் நிற்கிறோம். எங்கே பார்ப்பது என்று நமக்கே தெரியவில்லை.

வங்காள தேசத்து ஆத்னான் அல் ராஜீவ் எடுத்த 'அலி' 2025-இல் கேன்ஸ் குறும்படப் போட்டியில் நடுவர்களின் சிறப்புப் பாராட்டைப் பெற்றது. பெண்கள் பாடக்கூடாது என்ற தடையுள்ள ஒரு கடலோர ஊர். நகரத்துக்குப் போய்விட விரும்பும் ஒரு பையன் பாட்டுப் போட்டியில் சேர்கிறான். அவன் குரலில் ஒரு மறைபொருள் இருக்கிறது. தடையை விளக்கிச் சொற்பொழிவாற்ற அந்தப் படத்தில் எவரும் இல்லை. ஒரு குரல் இருக்கிறது. அதைக் கேட்கும் ஊர் இருக்கிறது. கால் மணி நேரத்தில் ஒரு சமுதாயமே நம் முன் நிற்கிறது.

இனி, மறுப்போர் வாதத்துக்கு வருகிறேன். "இவர்களெல்லாம் பிறகு பெரிய படம் எடுக்கவில்லையா?" என்று கேட்பார்கள். எடுத்தார்கள், உண்மை. சிங்கப்பூரின் அந்தோணி சென் எடுத்த 'ஆ மா' என்ற குறும்படம் 2007-இல் கேன்ஸில் பாராட்டுப் பெற்றது. 2013-இல் அவருடைய 'இலோ இலோ' அங்கே முதற்பட விருதைப் பெற்றது. ஃபாம் தியென் அன் தம் குறும்படத்தின் தெருவிலிருந்தே தொடங்கி ஏறத்தாழ மூன்று மணி நேரப் படம் எடுத்து, 2023-இல் அதே விருதைப் பெற்றார். பாகிஸ்தானின் சாயிம் சாதிக் 'டார்லிங்' என்ற குறும்படத்துக்கு 2019-இல் வெனிஸில் பரிசு பெற்று, 2022-இல் 'ஜாய்லேண்ட்' எடுத்தார். நம் புனே நிறுவனத்து மாணவி பாயல் கபாடியாவின் 'பிற்பகல் மேகங்கள்' 13 நிமிடம். ஒரு விதவை மூதாட்டியும் அவர் வீட்டு நேபாளப் பணிப்பெண்ணும் கழிக்கும் ஒரு பிற்பகல். அது 2017-இல் கேன்ஸ் மாணவர் பிரிவுக்குச் சென்றது. 2024-இல் அவருடைய முழுநீளப் படம் அங்கே இரண்டாவது பெரும் பரிசை வென்றது.

ஏறினார்கள் என்பதனால் அவர்கள் மிதித்தது வெறும் படி என்று ஆகிவிடாது. பெரிய படத்துக்குப் பிறகு குறும்படத்துக்குத் திரும்பியவர்களை என்ன சொல்வது? சத்யஜித் ரே அப்பு வரிசை மூன்று படங்களையும் 1959-க்குள் எடுத்து உலகப் புகழ் பெற்றுவிட்டவர். 'சாருலதா' வெளிவந்த அதே 1964-இல், 'டூ' என்ற ஏறத்தாழ 12 நிமிடப் படத்தை எடுத்தார். மாளிகையில் பொம்மைகளுக்கு நடுவே ஒரு பணக்காரப் பையன். வெளியே குடிசையருகே ஒரு புல்லாங்குழலுடன் ஏழைப் பையன். இருவருக்கும் ஜன்னல் வழியே ஒரு போர். பேச்சு ஒரு சொல்லும் இல்லை. கொரியாவின் பார்க் சான்-வூக், 'ஓல்ட்பாய்' படத்துக்காக 2004-இல் கேன்ஸில் பெரும் பரிசு பெற்றவர். அவரே தம் தம்பியுடன் சேர்ந்து, கைப்பேசியைக் காமிராவாகக் கொண்டு 33 நிமிடப் படம் எடுத்து, 2011-இல் பெர்லினில் குறும்படத்துக்கான தங்கக்கரடியைப் பெற்றார். இவர்கள் எந்த வாசலில் நுழையச் சீட்டு வாங்கினார்கள்?

எதிர்வாதத்துக்கு ஒரு பெரிய துணை உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. 1962-இல் ஓபர்ஹவுஸன் விழாவில் 26 ஜெர்மன் இளைஞர்கள் பழைய திரைப்படத்தை எதிர்த்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். குறும்படம் முழுநீளப் படத்துக்குப் பயிற்சிப் பள்ளி என்ற கருத்து அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் அதை எழுதிய ஆண்டு 1962. படச்சுருளும் காமிராவும் பெரும் பொருட்செலவாக இருந்த காலம். பள்ளி என்று சொன்னால்தான் அரசு பணம் தரும் நிலைமை. இன்று காமிரா நம் சட்டைப் பையில் இருக்கிறது. காலம் மாறியும் அளவுகோல் மாறாமல் இருப்பது ஏன்?

நம் தமிழகத்துக்கு வருவோம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலைஞர் தொலைக்காட்சி நடத்திய போட்டி தமிழ்நாட்டில் குறும்படத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன், ராம்குமார் ஆகியோர் அந்த வழியே வந்தவர்கள். 'காதலில் சொதப்புவது எப்படி'யும் 'முண்டாசுப்பட்டி'யும் குறும்படமாக இருந்து பெரிய படமானவை. சிபாரிசும் பரம்பரையும் இல்லாத இளைஞர்களுக்கு அது கதவைத் திறந்தது. அந்த நன்மையை நான் குறைத்துப் பேசேன். ஆனால் அந்தப் போட்டியின் பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள்: 'நாளைய இயக்குநர்'. இன்று நீ இயக்குநன் அல்லன் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது!

விளைவு என்ன? தயாரிப்பாளர் ஒருவர் பார்ப்பார் என்று எண்ணி எடுக்கும் படம், தயாரிப்பாளருக்குப் பிடித்தவற்றையே காட்டும். பத்து நிமிடத்துக்குள் ஒரு காதல், ஒரு நகைச்சுவை, ஒரு சண்டை, முடிவில் ஒரு திடீர்த் திருப்பம். வியாபாரி துணியின் மாதிரித் துண்டுகளைக் காட்டுவது போல எல்லாவற்றிலும் ஒரு துண்டு. மாதிரித் துண்டை யாராவது உடுத்திக்கொள்ள முடியுமா? பையனும் நாயும் மட்டும் உள்ள சந்து ஒன்றை எடுக்கும் துணிவு அங்கே எப்படி வரும்?

"துணிவைப் பற்றிப் பேசுவது எளிது, குறும்படம் சோறு போடுமா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. குறும்படத்துக்குத் திரையரங்கு இல்லை, நுழைவுக் கட்டண வருவாய் இல்லை. எடுத்தவன் வீட்டிலும் வாடகை கேட்கிறார்கள். ஆனால் கவிதை யாருக்குச் சோறு போட்டது? கியரோஸ்தமிக்கு ஒரு சிறுவர் நிறுவனம் சம்பளம் கொடுத்தது. சிதானந்த நாயக்குக்கு அரசின் பயிற்சி நிறுவனம் காமிராவும் நான்கு நாட்களும் கொடுத்தது. சந்தை காப்பாற்றாததைச் சமுதாயம் காப்பாற்றவேண்டும் என்பதற்கு இவை சான்று. மன்னர்கள் செய்ததை இன்று நிறுவனங்களும் சங்கங்களும் செய்ய வேண்டியிருக்கிறது.

படவிழாக்களையே முழுவதும் நம்பியிருப்பதும் நல்லதன்று. சந்தைக்கு ஒரு சுவை இருப்பது போல விழாவுக்கும் ஒரு சுவை உண்டு. பேசாத முகங்கள், நகராத காமிரா, வறண்ட கிராமம், விளங்காத முடிவு என்று விழாவுக்கென்றே சமைத்த படங்களும் வருகின்றன. ஆசியாவின் துயரத்தை ஐரோப்பாவின் தராசில் நிறுத்துக்கொள்ளும் ஆசை அவற்றில் தெரிகிறது. இதற்கு மருந்து ஒன்றே. அந்தந்த மொழி பேசும் மக்கள் அப்படங்களைப் பார்த்துத் தங்கள் தீர்ப்பைச் சொல்லவேண்டும். கன்னடச் சேவலைப் பற்றிக் கேன்ஸ் சொன்னது போதாது, மைசூரும் சொல்லவேண்டும்.

இங்கேதான் நம் சங்கம் வருகிறது. ஆண்டுதோறும் நாம் முத்தமிழ் விழா நடத்துகிறோம். அதில் இயலுக்கு ஒரு பட்டிமன்றம். இசை என்றால் திரைப்பாட்டு மெல்லிசைக் குழு. நாடகம் என்றால் திரைப்பாட்டுக்கு நடனம். விழாச் செலவில் பெரும்பகுதி மெல்லிசைக் குழுவுக்கும் ஒலிபெருக்கிக்கும் போய்விடுகிறது. வீட்டைவிட்டு வந்தவர்கள் தெரிந்த பாட்டைக் கேட்டு ஆடுவது குற்றமன்று, நானும் கைதட்டுகிறவன்தான். ஆயினும் மூன்று நாள் விழாவில் ஒரு மாலையைக் கேட்கிறேன்.

அந்த மாலையில் ஆசிய இளம் இயக்குநர்களின் படம் ஆறு. படத்துக்கு 15 நிமிடம் என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். உரியவர்களிடம் முறைப்படி எழுதி இசைவு பெறுவோம். ஆறு படங்களுக்கும் தமிழில் சப்டைட்டில் நாமே எழுதுவோம். பொறியியல் படிப்பவர் நேரத்தைக் கணக்கிட்டுப் பொருத்தட்டும்; இலக்கியம் படிப்பவர் சொல்லைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு வரி திரையில் நிற்கும் நேரம் சில நொடிகள். அதற்குள் படித்து முடியும்படி தமிழ் எழுதுவது இலேசான காரியமன்று. பட்டிமன்றத்தில் பத்து நிமிடம் முழங்குவதைவிட இது நம் தமிழுக்கு நல்ல பயிற்சி. ஒவ்வொரு படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் பேசுவோம். அப்பேச்சில் ஒரே ஒரு விதி: "இவர் அடுத்து என்ன எடுப்பார்?" என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

ஆறாவது படத்துக்குப் பின் ஏழாவதாக ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். அது நாம் எடுத்தது. பன்னிரண்டு நிமிடம், கைப்பேசிக் காமிரா. கதைக்கு எங்கும் போகவேண்டாம். முதலாண்டு மாணவர் ஒருவர் மராத்தி தெரியாமல் காய்கறிக் கடையில் நிற்பது ஒரு கதை. தட்டு வண்டியில் இட்லி விற்கும் நம்மூர் அம்மாள் நான்கு மொழியில் கணக்குச் சொல்வது ஒரு கதை. எவருக்கும் வாய்ப்புத் தேடித் தராத படமாக அது இருக்கட்டும். அப்படி இருந்தால்தான் அதில் உண்மை இருக்கும்.

இவ்வாண்டின் விழாச் செலவுத் திட்டம் வரும் பொதுக்குழுவில் வைக்கப்படும். இந்த ஒரு மாலைக்கான தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவரும், ஆதரித்துக் கை தூக்கப் பலரும் வேண்டும். தீர்மானம் தோற்றால் மெல்லிசைக் குழு பாடும், நாமும் மகிழ்வோம். வென்றாலோ, புனேயில் நூறு தமிழ் மாணவர்கள் ஓர் ஈரானியச் சிறுவனோடு அந்தச் சந்தில் நின்று, நாய் குரைப்பதைக் கேட்டு ஒரு கணம் தயங்குவார்கள். மணிக்கொடிக்கும் தொடக்கத்தில் வாசகர் சிலரே இருந்தனர். பொதுக்குழுவுக்கு வாருங்கள், தோழர்களே!